பண்டைச் சீன வெண்கலங்களில் விலங்குக் குறியீடுகள்

(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இடையறாது கூடிவரும் இவ்வவையில் 'குறியீடு' என்னும் சொல் ஒலிக்காத கூட்டம் அரிது. கவிதையில் வரும் பறவை எதனைக் குறிக்கின்றது, கதையில் வரும் ஆறு எதனைக் குறிக்கின்றது என்று வினவுவதும் விடை பகர்வதும் நமக்குப் பழகிப்போன செயல்கள். அவ்விடை மிக எளிதாகக் கிடைத்துவிடும்போது ஓர் ஐயமும் உடன் எழ வேண்டும். ஒரு விலங்கு இன்னதைத்தான் குறிக்கின்றது என்று எந்தச் சான்றால் கூறுகிறோம்? படைத்தவன் எண்ணியதையா, பின்வந்தோர் ஏற்றியதையா, நம் உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதையா? இவ்வினாவை எழுத்துச் சான்று மிகக் குறைந்த ஒரு களத்தில் வைத்து ஆராய்ந்தால் தெளிவு கிடைக்கும் என்று கருதியே பண்டைச் சீனத்தின் வெண்கல விலங்குகளை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

கலமும் வார்ப்பும்

சீனத்தின் மஞ்சளாற்றுச் சமவெளியில் ஏறத்தாழக் கி.மு. 1600 முதல் கி.மு. 1046 வரை ஆண்ட மரபு ஷாங் மரபு. அதனை வென்று அரசேறியது சௌ மரபு. இவ்விரு காலத்திலும் வெண்கலத்தின் தலையாய பயன் முன்னோர் வழிபாட்டிற்குரிய கலங்களை வார்ப்பதாகவே இருந்தது. இறைச்சி வேகவைக்கும் கொப்பரையான 'டிங்', மதுவைத் தாங்கும் 'சுன்', கைப்பிடியும் மூடியும் உடைய மதுக்கலமான 'யௌ' எனப் பல வகைகள் உள்ளன. இறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் உணவும் மதுவும் படைக்கும் கலங்கள் இவை. நாம் இன்று சிற்பம் எனக் கண்ணாடிப் பேழைக்குள் காணும் விலங்கு, பெரும்பாலும் மதுவை ஊற்றி வைத்த பாத்திரமே என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றை வார்த்த முறையையும் அறிதல் நலம். தமிழகத்துச் செப்புத் திருமேனிகள், மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையால் ஆனவை. ஷாங் கம்மியர் கையாண்ட முறை வேறு. அவர்கள் களிமண்ணால் கலத்தின் உருவைச் செய்து, அதன்மேல் ஈரக் களிமண்ணை அழுத்திப் பகுதி பகுதியாக அறுத்தெடுத்து, அப்பகுதிகளைச் சுட்டு, மீண்டும் ஒன்று சேர்த்து உள்ளே வெண்கலத்தை வார்த்தனர். அச்சு பகுதிகளாகப் பிரிவதால் அணியும் பகுதிகளாகப் பிரிந்தது. இடமும் வலமும் ஒத்து நின்றது. அச்சுகள் கூடும் இடத்தில் முகடு போன்ற விளிம்பு எழுந்தது. விலங்கின் வடிவத்தில் கம்மியரின் கருவிக்கும் ஒரு பங்குண்டு என்பது குறியீடு தேடுவோர் பலரும் மறந்துவிடும் செய்தி.

கலத்தின் உருவங்களுக்குப் பொருள் கூறும் பழைய சான்று 'சோ சுவான்' என்னும் வரலாற்று நூலில் வருகின்றது. கி.மு. 606-இல் சூ நாட்டு மன்னன் சுவாங், சௌ அரசின் எல்லையில் தன் படையை நிறுத்தி, அவ்வரசின் ஒன்பது கொப்பரைகளின் எடை என்ன என்று வினவினான். அரசுரிமையின் அடையாளமான கொப்பரையின் எடையைக் கேட்பது அரியணையைக் கேட்பதற்கு ஒப்பு. தூதுவன் வாங்சுன் மான், பெருமை கொப்பரையில் இல்லை, அறத்தில் உள்ளது என்று விடை கூறினான். முற்காலத்தில் தொலைநாட்டுப் பொருள்களின் உருவங்களைக் கொப்பரையில் வார்த்தமையால், மக்கள் தெய்வம் எது, தீய ஆவி எது என்று இனங்கண்டு, காட்டிலும் நீர்நிலையிலும் தீங்கின்றிச் சென்றனர் என்றும் அவன் விளக்கினான். எடையை வினவுதல் என்னும் தொடர் அதிகார வேட்கையைக் குறிக்கும் மரபுத்தொடராகச் சீன மொழியில் இன்றளவும் வழங்குகின்றது. ஆயின் வாங்சுன் மான் பேசியது ஷாங் மரபு வீழ்ந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர். அவன் கூற்றே ஓர் உரை, மூலம் அன்று.

பெயர் பின்னே வந்த முகம்

ஷாங் கலங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஒரு முகம். உருண்டு துறுத்திய இரு கண்கள், வளைந்த கொம்புகள், மேல்தாடை ஆகியவை உண்டு. கீழ்த்தாடை பெரும்பாலும் இல்லை. நேர்நின்று நோக்கின் ஒரே முகமாகத் தோன்றும் இவ்வுருவம், ஒரு பாதியை மட்டும் நோக்கின் பக்கவாட்டில் நிற்கும் விலங்காக மாறும். அத்தகைய இரு விலங்குகள் மூக்கோடு மூக்கு முட்டும் இடமே முகத்தின் நடுக்கோடு.

இதனைத் 'தாவ்தியே' என்பர். பெருந்தீனி உண்பது என்பது அப்பெயரின் கருத்து. கி.மு. 239 அளவில் தொகுக்கப்பட்ட 'லூ-ஷி சுன்சியூ' என்னும் நூல், சௌ கொப்பரைகளில் தாவ்தியே உண்டு என்றும், அதற்குத் தலை உண்டு உடல் இல்லை என்றும், மனிதனை விழுங்குமுன்னே கேடு அதன் உடலையே சேர்ந்தது என்றும் கூறுகின்றது. பேராசையின் கேட்டை உணர்த்தும் எச்சரிக்கை என்பது அந்நூலின் விளக்கம். பின்னர்ச் சோங் மரபுக் காலத்து அறிஞர்கள் பழங்கலங்களைத் தேடித் தொகுத்தனர். லூ தாலின் 1092-இல் அமைத்த படங்களுடன் கூடிய தொகுப்பு அவற்றுள் புகழ்பெற்றது. அவ்வறிஞர் வழியாகவே இம்முகத்திற்கு அப்பெயர் நிலைத்தது. ஆக, கி.மு. 1200-இல் வார்த்த முகத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்வந்த நூலின் பெயரைச் சூட்டி, அந்நூலின் அறத்தையும் சேர்த்தே நாம் படித்து வருகிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் இது பெரும் விவாதமாயிற்று. மாக்ஸ் லோயர் என்னும் கலை வரலாற்றறிஞர் 1953-இல் ஆன்யாங் வெண்கலங்களின் அணிகளை ஐந்து படிநிலைகளாக வகுத்தார். முதலில் கோடுகளும் சுருள்களுமே இருந்தன, அவற்றினின்று கண்ணும் முகமும் படிப்படியாகத் திரண்டன என்பது அவர் கண்ட முறை. விலங்கே அணியினின்று பிறந்தது எனின், அதற்கு வரையறுத்த பொருள் இருந்திருக்க வேண்டியதில்லை என்றார் அவர். இதனை மறுத்தவருள் முதன்மையானவர் தொல்லியலறிஞர் க்வாங்-சி சாங். விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே, இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையே தொடர்பு கொள்ளப் பூசாரிக்கு உதவிய துணைவர்களே இவ்விலங்குகள் என்று அவர் 1983-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஒருவர் பொருளே வேண்டா என்றார். மற்றவர் முழுச் சமயத்தையே அதில் கண்டார். இருவர் முன்னும் இருந்தவை அதே கலங்கள்.

இம்முகத்தைக் கண்டவுடன் நம் கோயில்களின் கீர்த்திமுகம் நினைவிற்கு வருதல் இயல்பு. தன்னுடலையே தின்று தலை மட்டும் எஞ்சிய உருவம் என்று கீர்த்திமுகத்திற்குப் புராணம் கூறும் கதையும் தாவ்தியேயின் கதையை ஒத்துள்ளது. ஒப்புமை வியப்பைத் தருகின்றது. ஆயின் இரண்டிற்கும் இடையே உள்ள காலமும் தொலைவும் மிகப் பெரிய. அவற்றை இணைக்கும் கண்ணிகள் காட்டப்படாத வரையில் ஒப்புமையை உறவாக்கிவிடக் கூடாது.

அரசியின் ஆந்தை

1976-ஆம் ஆண்டு ஆன்யாங்கில் சங் சன்சியாங் என்னும் பெண் தொல்லியலறிஞரின் தலைமையில் ஒரு கல்லறை அகழப்பட்டது. கள்வர் கை படாத அக்கல்லறையில் 468 வெண்கலப் பொருள்களும், 755 பச்சைக்கல் பொருள்களும், ஏறத்தாழ 6,900 சோழிகளும் கிடைத்தன. கலங்களில் பொறித்திருந்த பெயரால் அது ஷாங் மன்னன் வூ டிங்கின் தேவியருள் ஒருத்தியான ஃபூ ஹாவின் கல்லறை எனத் தெரிந்தது.

அங்கே கிடைத்தவற்றுள் ஆந்தை வடிவில் அமைந்த இரு மதுக்கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 46 செ.மீ. உயரம். தடித்த இரு கால்களும் கீழிறங்கிய வாலும் சேர்ந்து மூன்று தாங்கிகளாகின்றன. சிறகின்மேல் பாம்பு சுருண்டு கிடக்கின்றது. தலை நிமிர்ந்து, மார்பு முன்தள்ளி, அரண்மனைக் காவலன் போல் நிற்கின்றது அப்பறவை. அவற்றுள் ஒன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்திலும் மற்றொன்று ஹெனான் அருங்காட்சியகத்திலும் உள்ளன.

பிற்காலச் சீன இலக்கியத்தில் ஆந்தையின் நிலையைப் பாருங்கள். பழம்பாடல் தொகுப்பான 'ஷி சிங்'கில் அது கூட்டை அழித்துக் குஞ்சைக் கவரும் பறவை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நாடுகடத்தப்பட்ட கவிஞன் சியா யீ, ஆந்தையினப் பறவையொன்று தன் அறைக்குள் புகுந்ததை இறப்பின் அறிகுறியாகக் கொண்டு ஒரு செய்யுள் இயற்றினான். கி.பி. 100 அளவில் எழுந்த 'ஷுவோவென்' அகராதி அப்பறவைக்குத் தந்த விளக்கம், பெற்றோரைப் பேணாத பறவை என்பது. குஞ்சு வளர்ந்து தாயைத் தின்னும் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். முன்னோரைப் போற்றுவதற்கென்றே வார்த்த கலத்தில் நின்ற பறவை, சில நூற்றாண்டுகளில் முன்னோரைப் பழிக்கும் பறவையாயிற்று!

கூகை குழறினால் கேடு என்று கேட்டு வளர்ந்த நாமும் அவ்வாந்தையை நம் அச்சத்தோடு நோக்குவோம். வங்காளத்தார் அதனைத் திருமகளின் ஊர்தியாகக் கண்டு மகிழ்வர். இரண்டும் ஃபூ ஹாவின் ஆந்தையைச் சாரா.

அவள் காலத்துச் சான்று ஒன்றுண்டு. ஆமையோட்டிலும் எருதின் எலும்பிலும் நிமித்தம் கேட்டுப் பொறித்த எழுத்துகளே அவை. ஃபூ ஹாவிடம் 13,000 படைவீரர் திரட்டப்பட்டதை ஓர் எலும்பு கூறுகின்றது. அவளுடைய பல்வலி பற்றி ஓர் எலும்பு வினவுகின்றது. அவள் கருவுற்ற காலத்தில் மகப்பேறு நலமாகுமா என்று மன்னன் கேட்ட வினாவும், பிறந்தது பெண், ஆதலின் நன்றன்று என்ற முடிவும் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளன. படை நடத்திய பெண் ஒருத்தியின் வயிற்றில் பிறந்த பெண்மகவைப் பற்றிய தீர்ப்பு அது. மூவாயிரம் ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போதும் மனம் ஒரு கணம் நின்றுவிடுகின்றது. இவ்வளவு பேசும் எலும்புகள் அவள் கல்லறை ஆந்தையைப் பற்றி விளக்கம் ஏதும் தரவில்லை. ஆந்தை இரவைக் குறித்தது, போரைக் குறித்தது, ஷாங் குலத்தைத் தோற்றுவித்ததாகப் பழம்பாடல் கூறும் கரும்பறவையே அது என அறிஞர் பலவாறு கூறுவர். அவை கருதுகோள்கள். அவள் மதிப்பிற்குரியவளாக அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் அப்பறவை பெருமிதத்தோடு வைக்கப்பட்டது என்பதே உறுதி.

புலியின் அணைப்பு

கியோட்டோவின் சென்-ஒகு அருங்காட்சியகத்திலும் பாரிசின் செர்னுஸ்கி அருங்காட்சியகத்திலும் ஒன்றையொன்று மிக ஒத்த இரு யௌ கலங்கள் உள்ளன. பின்னங்கால்களிலும் வாலிலும் அமர்ந்த புலி ஒன்று, முன்னங்கால்களால் ஒரு மனிதனை அணைத்துள்ளது. அவன் தலை புலியின் திறந்த வாயின்கீழ் உள்ளது. அவன் கைகளோ புலியைப் பற்றியுள்ளன. முகத்தில் அச்சத்தின் சாயல் இல்லை.

இதனைப் புலி மனிதனை விழுங்கும் காட்சி என்பர் ஒரு சாரார். மனிதன் பூசாரி, புலி அவனுக்குத் துணை, திறந்த வாய் மறுவுலகின் வாயில் என்பர் சாங் வழியினர். குழந்தைப் பருவத்தில் காட்டில் விடப்பட்டுப் பெண்புலியின் பாலுண்டு வளர்ந்து, பின் சூ நாட்டின் அமைச்சனான சிவென் என்பானின் கதையோடு இணைப்பாரும் உளர். பாரிசுக் கலம் 'பெண்புலி' என்றே பெயர் பெற்றுவிட்டது. கொலை, துணை, தாய்மை ஆகிய மூன்றையும் ஒரே அணைப்பில் கண்டுள்ளனர்.

இங்கு நமக்கு உதவுவது கலத்தைத் தனியே நோக்காமல் அதன் சுற்றத்தோடு நோக்குதல். ஃபூ ஹாவின் வெண்கலக் கோடரியில் இரு புலிகளின் வாய்களுக்கு இடையே ஒரு மனிதத் தலை உள்ளது. 1939-இல் ஆன்யாங் அருகே கிடைத்த, 832.84 கிலோ எடையுள்ள மாபெரும் கொப்பரையின் கைப்பிடியிலும் அதே காட்சி. அன்ஹூய் பகுதியில் கிடைத்த ஒரு சுன்னிலும் புலித்தலையின்கீழ் மனிதன் உள்ளான். ஆக, இது ஒரு கம்மியனின் தனிக் கற்பனை அன்று. பலரும் அறிந்த காட்சி. கோடரி தண்டிக்கும் உரிமையின் அடையாளம். கொப்பரை வழிபாட்டின் உறுப்பு. புலியும் மனிதனும் சேர்ந்த காட்சி அதிகாரமும் வழிபாடும் கூடும் இடத்தில் வருகின்றது என்ற அளவில் நாம் உறுதியாகக் கூறலாம். அதற்கு மேல் செல்லும் ஒவ்வோர் அடிக்கும் புதிய சான்று வேண்டும்.

யானை என்னும் சொல்

ஹூனான் பகுதியின் லிலிங்கில் 1975-இல் கிடைத்த யானைக் கலம் ஒரு சாண் உயரமே உடையது. தூக்கிய துதிக்கையின் நுனி ஒரு பறவையின் தலையாக முடிகின்றது. சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் ஷாங் இறுதிக் காலத்துக் காண்டாமிருகக் கலம் ஒன்றுள்ளது. அதன் உடலில் அணி ஏதும் இல்லை. கொழுத்த உடலும் மடிந்த தோலும் உயிருள்ள விலங்கை அருகிருந்து கண்டவன் செய்தது எனக் காட்டுகின்றன. உள்ளே 27 எழுத்துகள் உள்ளன. மன்னன் படையெடுப்பினின்று மீண்டபோது யூ என்னும் அலுவலனுக்குச் சோழிகளைப் பரிசளித்தான் என்பது செய்தி. காண்டாமிருகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அக்காலத்தில் வட சீனத்தில் யானை வாழ்ந்தது. வேட்டையில் யானை பிடித்ததை நிமித்த எலும்புகள் கூறுகின்றன. ஆன்யாங்கின் பலிக் குழிகளில் யானையின் எலும்புக்கூடும் கிடைத்துள்ளது. செய்தல் என்னும் பொருள்படும் சீன எழுத்தின் மிகப் பழைய வடிவம், ஒரு கை யானையின் துதிக்கையைப் பற்றி நடத்தும் சித்திரம். பின்னர்த் தட்பவெப்பம் குளிர்ந்தது; காடுகள் கழனிகளாயின. யானை தெற்கே பின்வாங்கிச் சென்றது.

யானை சென்ற பின்னும் சொல் தங்கிற்று. யானைக்குச் சீன மொழியில் 'ஷியாங்' என்று பெயர். உருவம், படிமம், குறி என்பவற்றிற்கும் அதுவே சொல். இதற்குக் கி.மு. 233-இல் இறந்த ஹான் ஃபெய் என்னும் சிந்தனையாளர் ஒரு விளக்கம் தருகின்றார். மக்கள் உயிருள்ள யானையைக் காண்பது அரிது. இறந்த யானையின் எலும்புகள் கிடைக்க, அவற்றைக் கொண்டு உயிருள்ள யானையை மனத்தில் உருவாக்கிப் பார்க்கின்றனர். ஆதலின் மனத்தால் உருவாக்கிக் காண்பவை எல்லாம் ஷியாங் எனப்பட்டன என்பது அவர் கருத்து. சொற்பிறப்பாக இது சரியா என்பது வேறு. குறியீட்டைப் படிக்கும் செயலுக்கு இதனினும் பொருத்தமான உவமை எனக்குக் கிட்டவில்லை. நம் கையில் இருப்பவை எலும்புகள். உயிருள்ள யானையை நாம்தாம் எண்ணிக் காண வேண்டும்; எலும்பின்றி எண்ணுதல் கூடாது.

மாறிவரும் பொருள்

பிற்காலத்தில் விலங்குகளுக்குப் பொருள் தெளிவாகவே வரையறுக்கப்பட்டது. மிங், சிங் மரபுக் காலங்களில் ஒலியொப்புமையால் அமைந்த சிலேடைகள் பெருகின. வௌவாலுக்கும் நற்பேற்றிற்கும் 'ஃபூ' என்றே ஒலி. மீனுக்கும் மிகுதிக்கும் 'யூ'. மானுக்கும் அரசூதியத்திற்கும் 'லூ'. வௌவாலை வரைந்தால் வாழ்த்துக் கூறியதாகும். இங்குக் குறியீடு விலங்கின் இயல்பில் இல்லை, மொழியில் உள்ளது. சிலேடைக் கவிகளைச் சுவைத்த நமக்கு இது எளிதில் விளங்கும். இக்காலப் பொருளைக் காட்டும் பட்டியல்கள் பல கைந்நூல்களில் உள்ளன. அப்பட்டியலை ஷாங் கலத்தின்மேல் வைத்துப் படிப்பதே குற்றம். அக்கால ஒலிப்பும் வேறு, அக்கால வழிபாடும் வேறு.

1923-இல் சின்செங்கில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டளவினதான கலத்தின் உச்சியில் விரிந்த இதழ்களின் நடுவே கொக்கு ஒன்று சிறகு விரித்து நிற்கின்றது. பிற்காலத்தில் இக்கொக்கினம் நீண்ட வாழ்நாளின் அடையாளம். ஆயின் கலத்தின் காலத்திற்குச் சற்று முற்பட்ட கி.மு. 660-இல், வெய் நாட்டுக் கோமான் யீ தன் கொக்குகளைத் தேரில் ஏற்றிப் பெருமை செய்து, அதனால் வீரரின் அன்பை இழந்து, நாட்டையும் உயிரையும் இழந்தான் என்று 'சோ சுவான்' கூறுகின்றது. அக்காலத்தார் கொக்கில் எதைக் கண்டனர் என்பதை வாழ்த்து மடல்களைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது.

1969-இல் கான்சூ பகுதியின் வூவெயில் கிடைத்த, 34.5 செ.மீ. உயரமுள்ள குதிரை ஒரு கால் குளம்பைப் பறக்கும் பறவையின்மேல் ஊன்றிப் பாய்கின்றது. அறிஞர் கூவோ மோருவோ அப்பறவையைத் தகைவிலான் என்றார். வால் பிளவுபடவில்லையே, அது வல்லூறு அன்றோ என வினவினர் வேறு சிலர். விவாதம் முடியுமுன்னே, 1983-இல் அக்குதிரை சீனச் சுற்றுலாத் துறையின் சின்னமாயிற்று. கல்லறைக்குள் ஒருவரோடு புதைத்த குதிரை, உலகை வரவேற்கும் குதிரையாயிற்று.

பொருள் மாற்றத்தின் துயர்மிகு சான்று பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனையில் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் சியென்லுங் பேரரசர் காலத்தில், ஐரோப்பிய பாதிரிமாரின் திட்டப்படி அங்கொரு நீரூற்று அமைந்தது. பன்னிரு விலங்குகளின் வெண்கலத் தலைகள் தத்தமக்குரிய நாழிகையில் முறையே நீர் உமிழ்ந்தன. அவை நேரத்தைக் குறித்தன, அவ்வளவே. 1860-இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் அவ்வரண்மனையைச் சூறையாடி எரித்தன. சிதறிய தலைகளுள் சில பின்னர் ஏலத்திற்கு வந்தன. எலியும் முயலும் 2013-இல் திரும்பின. குதிரைத் தலை 2020-இல் தன் பழைய இடத்திற்கே சென்று சேர்ந்தது. அதனையும் சேர்த்து ஏழு தலைகள் சீனத்திற்கு மீண்டுள்ளன. இன்று எலித்தலையைக் காணும் சீனர் நள்ளிரவு நேரத்தை எண்ணுவதில்லை. இழந்த மானத்தையே எண்ணுகின்றனர். அப்பொருள் கம்மியன் அறியாதது. எனினும் பொய்யன்று. அது வரலாறு எழுதிய பொருள்.

நிறைவாக

குறியீட்டுக்கு ஒரே பொருள் இல்லை என்பதால் எப்பொருளும் கூறலாம் என்று கொள்ளுதல் தவறு. மூன்று வினாக்களை எழுப்பிய பின்னரே விடை கூற முற்பட வேண்டும். நாம் கூறும் பொருள் எக்காலத்தது? அவ்வுருவம் எந்த இடத்தில், எந்தப் பயனுக்காக நின்றது? அதே உருவம் வேறெங்கெல்லாம் வருகின்றது? இம்மூன்றும் வெண்கலத்திற்கு மட்டும் உரியவை அல்ல. நம் கையில் உள்ள கவிதைக்கும் உரியவை. மூலத்தின் குரல் எது, உரையின் குரல் எது, நம் குரல் எது எனப் பிரித்தறியும் பயிற்சியே அது.

மூன்றும் கேட்ட பின்னும் விடை கிடைக்காத இடங்கள் இருக்கும். அங்கே நிற்கக் கற்றல் வேண்டும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் முன்னோர்க்கு மது வார்த்த ஒருத்தி, அந்த ஆந்தையை ஏதோ ஒரு காரணத்தால் போற்றினாள். அக்காரணம் அவளுடையது. நம்முடைய அகராதியை அவள் கையில் திணித்தால், பேசாத அவளை நாமே மீண்டும் ஒருமுறை ஊமையாக்கியவர் ஆவோம். எலும்புகளை எண்ணி, இருக்குமளவு யானையைக் கண்டு, எஞ்சியதை மதிப்போடு விட்டுவைத்தலே கற்றோர்க்கு அழகு.